புல்வெளி மல்லர்கள் – 9: முதல் சுற்று

சென்ற வாரம் 1968-ல், மெக்சிகோ நகரத்தில் நிறுத்தியிருந்தோம். ஜிக்ஜிதின் முன்ஹ்பாத் என்ற மல்லர் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் வெள்ளி வென்று, தன் நாட்டுக்கு ஒலிம்பிக்கின் முதல் வெள்ளிப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் பின்னாளில் ஜப்பானுக்குப் போய், ஹகுஹோ என்ற பெயரில் சுமோ மல்லராகி, 2007-ல் யோகோசுனா என்ற உச்சப் பட்டத்தைத் தொட்டதையும் பார்த்தோம்.

தந்தைக்கு வெள்ளி, மகனுக்கு ஜப்பானில் மகுடம். மங்கோலியாவுக்கு ஒலிம்பிக் தங்கம் மட்டும் வரவில்லை.

இந்த வாரம் 40 ஆண்டுகளைத் தாண்டுகிறோம். 2008, ஆகஸ்ட் 14, பெய்ஜிங்.

*

மங்கோலியா முதன்முதலில் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 1964-ல். ஜூடோ முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அதே ஆண்டின் டோக்கியோ போட்டியில்தான். 1882-ல் கானோ ஜிகோரோ உருவாக்கிய அந்தக் கலை தங்களுக்கே உரியது என்று ஜப்பானியர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மண்ணிலேயே, எடை வரம்பில்லாத பிரிவில் நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க் தங்கத்தைத் தட்டிச் சென்றார். ஜூடோவில் ஜப்பானை வீழ்த்தலாம் என்று உலகம் அன்று கற்றுக்கொண்டது.

மங்கோலியருக்கு அந்தப் பாடம் கைகூட 44 ஆண்டுகள் ஆயின.

இடையில் என்னென்ன நடந்தன! 1972, மியூனிக்கில் பகாவா புயிதா ஜூடோவில் வெள்ளி வென்றார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. 1980, மாஸ்கோவில் ட்செந்தின் தம்தினுக்கு ஜூடோவில் வெள்ளி, தவாதலாய்க்கு வெண்கலம். 1984-ல் சோவியத் அணிநாடுகளோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸைப் புறக்கணித்தார்கள். 2000, சிட்னியில் ஒரு பதக்கம்கூட இல்லை. 2004, ஏதென்ஸில் ஒரே ஒரு வெண்கலம், அதுவும் ஜூடோவில்.

பெய்ஜிங் போட்டி தொடங்கும்போது மங்கோலியாவின் கணக்கில் 5 வெள்ளி, 10 வெண்கலம் என 15 பதக்கங்கள் இருந்தன. தங்கமே இல்லாமல் இத்தனை பதக்கங்களைச் சேர்த்த நாடு அன்று உலகில் வேறு இருக்கவில்லை.

ஆகஸ்ட் 13 அன்று 16-வது பதக்கமும் வந்தது. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் சுடுதலில் ஒத்ரியாதின் குந்தெக்மாவுக்கு வெள்ளி. தங்கம் சீனாவின் சென் யிங்குக்கு. வெண்கலம் வென்ற முன்ஹ்பயார் தோர்ஜ்சுரேனும் மங்கோலியாவில் பிறந்தவர்தான். 1992-ல் மங்கோலியாவுக்காகவே வெண்கலம் வாங்கியவர், இப்போது ஜெர்மனிக்காகச் சுட்டார். மேடையில் நின்ற மூவரில் இருவர் மங்கோலிய மண்ணின் பெண்கள். ஆனாலும் ஒலித்தது வேறு நாட்டின் கீதம்.

அதற்கு மறுநாள்தான் ஜூடோ அரங்கில் 100 கிலோ பிரிவு.

*

பெய்ஜிங்குக்குள் போவதற்கு முன் உலான் பத்தூரை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அந்த வெற்றியின் கனம் அப்போதுதான் புரியும்.

2008 ஜூன் 29-ல் மங்கோலியாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ஆளும் மங்கோலிய மக்கள் புரட்சிக் கட்சி வென்றதாக அறிவிப்பு வந்தது. வாக்கு எண்ணிக்கையில் மோசடி நடந்ததாக எதிர்த்தரப்பு கொதித்தது. ஜூலை 1-ம் தேதி கூட்டம் வீதிக்கு வந்து, ஆளுங்கட்சியின் தலைமையகத்துக்குத் தீ வைத்தது. பக்கத்தில் இருந்த கலாசார மாளிகையும் தப்பவில்லை. உள்ளே இருந்த ஓவியங்கள் சாம்பலாயின. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். குடியரசுத் தலைவர் நம்பாரின் என்ஹ்பயார் நான்கு நாள் அவசரநிலை அறிவித்தார்.

1990-ல் ரத்தம் சிந்தாமல் ஜனநாயகத்துக்கு மாறிய நாடு அது. அந்தப் பெருமையில் விழுந்த முதல் கறை இந்தத் தீ.

ஆறு வாரங்கள் ஓடின. தலைநகரில் புகை அடங்கியிருந்தது. மனங்களும் அடங்கின என்று யாரும் சொல்ல முடியாது.

*

நைதாங்கின் துவ்ஷின்பாயர். 1984 ஜூன் 1-ல் புல்கான் மாகாணத்தின் சைஹான் பகுதியில் பிறந்தவர். பெய்ஜிங் போகும்போது வயது 24. 2007-ல் ஆசியப் போட்டியில் ஒரு வெண்கலம் வென்றிருந்தார். உலக ஜூடோ வட்டாரத்தில் அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

அவர் உடம்பில் ஜூடோவுக்கு முன்பே குடியேறியிருந்தது போஹ் எனும் மங்கோலிய மல்யுத்தம். இந்தத் தொடரின் முதல் வாரங்களில் அதை விரிவாகப் பார்த்தோம். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எடைப் பிரிவு கிடையாது. களத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. மார்பு திறந்த சட்டையும் குட்டைக் கால்சட்டையும்தான் உடை. பாதமும் உள்ளங்கையும் தவிர உடம்பில் எது தரையைத் தொட்டாலும் தோல்வி. நாதாம் திருவிழாவில் 512 மல்லர்கள் இறங்கினால், ஒன்பது சுற்றுகளையும் வெல்லும் ஒருவரே எஞ்சுவார். பருந்து, யானை, சிங்கம் என்று பட்டங்கள் ஏறிக்கொண்டே போகும்.

இதில் நமக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு விஷயம். போஹ்வில் எதிராளியின் காலைக் கையால் பிடிக்கலாம்.

திறந்த புல்வெளியில், தன்னைவிட 40, 50 கிலோ கூடுதலான ஆளை எதிர்கொள்ளும் இளைஞன் தோளைப் பிடித்துத் தள்ளிப் பிழைக்க முடியாது. குனிந்து, கீழே புகுந்து, தொடையையோ முழங்காலையோ கவ்வ வேண்டும். சிறு வயதிலிருந்தே கண்ணும் கையும் அதற்குப் பழகிவிடும். 2008-ன் ஜூடோ விதிகளும் அதைத் தடுக்கவில்லை. தூக்கியெறியும் அழகே ஜூடோ என்று நினைத்த பழைய ஆசான்கள் கால்பிடியை முகம் சுளித்துப் பார்த்தார்கள். விதிப்புத்தகம் அதை முறையான வீழ்த்தலாகவே வைத்திருந்தது.

மங்கோலியாவின் மிகச் சிறந்த மல்லர்கள் பலர் அந்தக் காலத்தில் ஜப்பானின் சுமோ வளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அசஷோர்யு 2003-ல் யோகோசுனா ஆனார், ஹகுஹோ 2007-ல். பணமும் புகழும் அங்கேதான் இருந்தன. ஜூடோ விரிப்பில் நின்றவர்களுக்கு அந்த வெளிச்சம் விழவில்லை.

*

குலுக்கலில் துவ்ஷின்பாயருக்கு முதல் சுற்றிலேயே விழுந்த பெயர்: கெய்ஜி சுசுகி.

2003-ல் எடை வரம்பில்லாப் பிரிவில் உலகச் சாம்பியன். 2004, ஏதென்ஸில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் ஒலிம்பிக் தங்கம். 2005-ல் 100 கிலோ பிரிவில் மீண்டும் உலகச் சாம்பியன். மூன்று வெவ்வேறு பிரிவுகளில் உலகை வென்றவர் அவர். பெய்ஜிங்குக்கு வந்த ஜப்பான் அணி முழுமைக்கும் அவரே தலைவர். ஜூடோ அணிக்கு மட்டுமல்ல. நீச்சல், தடகளம் உட்பட ஜப்பானின் எல்லா வீரர்களுக்கும்.

இதைவிட மோசமான குலுக்கல் வாய்க்காது என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துவ்ஷின்பாயர் சுசுகியை வெல்லக்கூடிய சுற்று ஒன்று இருந்தது என்றால், அது முதல் சுற்றுதான். அரையிறுதியில் சந்தித்திருந்தால், அதற்குள் மூன்று ஆட்டங்களில் இந்த மங்கோலியரின் கை எங்கே போகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஜப்பானியப் பயிற்சியாளர்கள் அலசி முடித்திருப்பார்கள். சுசுகியின் உடம்பும் சூடேறியிருக்கும். முதல் ஆட்டம், முதல் பிடி, அறிமுகமில்லாத எதிராளி: சாம்பியன்கள் வழுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. சுசுகியின் பெருமை அவருடைய கால்கள். எதிராளி எடை மாற்றும் நொடியைக் கணித்து, பாதத்தால் பாதத்தைத் துடைத்து விழுத்துவதில் அவருக்கு நிகரானவர்கள் அரிது. அந்த வித்தைக்கு இருவரும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சட்டைப் பிடி அமைய வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு தாளம் அமைய வேண்டும். பிடி அமைவதற்கு முன்பே கீழே பாய்கிற ஒருவனிடம் அந்த வித்தைக்கு வேலை இல்லை.

*

இடம்: பெய்ஜிங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக உள்ளரங்கம்.

நடுவர் கை காட்டினார். ஐந்து நிமிட ஆட்டம்.

இருவரும் சட்டைக் கழுத்துக்கும் கைப்பகுதிக்கும் கை நீட்டினார்கள். பிடித்தார்கள், உதறினார்கள், மறுபடி பிடித்தார்கள். இரண்டாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

துவ்ஷின்பாயர் தாழ்ந்தார்.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுசுகியின் கால்களைக் கவ்வின. தோள் அவர் உடம்பில் இடித்து முன்னே தள்ளியது. கைகள் கால்களைப் பின்னே வாரின. ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் மொரோத்தே காரி. கால் தரையை விட்டு எழும்பிய பிறகு உலகச் சாம்பியனும் சாதாரண மனிதர்தான். சுசுகியின் முதுகு விரிப்பில் விழுந்தது.

இப்போன்.

முழு வெற்றி. அதற்குமேல் புள்ளிக் கணக்கு இல்லை, மிச்ச நேரம் இல்லை. கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் முடியவில்லை. ஜப்பான் அணியின் தலைவர், ஒலிம்பிக் சாம்பியன், முதல் ஆட்டத்திலேயே மல்லாந்து கிடந்தார்.

இந்த வீழ்த்தலை அதிர்ஷ்டம் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிர்ஷ்டத்தில் ஒருவர் சறுக்கி விழலாம். புள்ளி ஒன்று தவறிப் போகலாம். கால்களைக் கவ்வி, தோளால் இடித்து, முதுகுபட விழுத்துவது ஆயிரம் முறை செய்து பழகிய உடம்பு செய்யும் காரியம். புல்வெளியில் தலைமுறை தலைமுறையாகப் பெரிய ஆளைச் சின்ன ஆள் விழுத்தக் கற்ற வித்தை, அன்று ஜூடோ விரிப்பின் மேல் ஏறி நின்றது.

*

சுசுகிக்கு இன்னொரு வாசல் திறந்திருந்தது. அன்றைய விதிப்படி, தன்னை வீழ்த்தியவர் தொடர்ந்து வென்று முன்னேறினால், வீழ்ந்தவருக்கு மீள்வாய்ப்புச் சுற்று கிடைக்கும். அதன் வழியே வெண்கலம்வரை போகலாம். துவ்ஷின்பாயர் வென்றுகொண்டே போனார். ஆகவே சுசுகி மறுபடி விரிப்பில் ஏறினார். ஜெர்மனியின் பெஞ்சமின் பேர்லாவிடம் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் இப்போன். முதல் வீழ்ச்சியில் உடைந்தது முதுகல்ல, மனம் என்பது அப்போது தெரிந்தது.

ஒரு மனிதராக சுசுகிக்காக வருந்தாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாட்டின் கொடி முழுவதையும் ஒற்றை ஆளின் தோளில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அந்த நாள் காட்டியது. இதே சுமை வெகு சீக்கிரம் துவ்ஷின்பாயரின் தோளுக்கும் மாறப்போகிறது.

இடைச் சுற்றுகளைத் தாண்டி இறுதிக்கு வந்தார் துவ்ஷின்பாயர். எதிரே கஜகஸ்தானின் அஸ்கத் ஜித்கேயெவ். அவரும் புல்வெளி நாட்டுக்காரர். கஜக் மக்களுக்கும் சொந்த மல்யுத்த மரபு உண்டு; மங்கோலியாவின் மேற்கு எல்லையில் வாழும் மிகப் பெரிய சிறுபான்மையினரும் கஜக்குகள்தான். ஜப்பான், கொரியா, பிரான்ஸ் என்று வழக்கமாகக் கேட்கும் பெயர்கள் எதுவும் அந்த இறுதியாட்டத்தில் இல்லை. குதிரை மேய்த்த இரண்டு சமூகங்களின் பிள்ளைகள் ஜூடோ உடையில் எதிரெதிரே நின்றார்கள்.

துவ்ஷின்பாயர் வென்றார்.

வெண்கலங்கள் அஜர்பைஜானின் மொவ்லுத் மிராலியெவுக்கும் நெதர்லாந்தின் ஹென்க் க்ரோலுக்கும். அதே நாளில் பெண்கள் பிரிவில் சீனாவின் யாங் சியூலி தங்கம் வென்றிருந்ததால், சீனப் பார்வையாளர்களும் உற்சாகத்தில் இருந்தார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவே, 44 ஆண்டுகளில் முதன்முறையாக, ஒலிம்பிக் மேடையில் மங்கோலியக் கொடி எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது.

அது எந்த ஊரில் நடந்தது என்பதையும் பாருங்கள். குப்லாய் கான் தன் பேரரசின் தலைநகரை எழுப்பிய இடம் இன்றைய பெய்ஜிங். பிற்காலத்தில் மஞ்சூ அரசர்கள் அதே நகரிலிருந்து மங்கோலியாவை ஆண்டார்கள். 1911-ல்தான் அந்தப் பிடியிலிருந்து விடுதலை அறிவிக்கப்பட்டது. மங்கோலியரின் முதல் தங்கம் வேறெந்த நகரத்தில் கிடைத்திருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். பெய்ஜிங்கில் கிடைத்ததில் 700 ஆண்டு வரலாறு சேர்ந்து ஒலித்தது.

*

உலான் பத்தூரில் சுக்பாதர் சதுக்கம் நிரம்பி வழிந்தது. கார்கள் ஒலி எழுப்பிக்கொண்டே ஊரைச் சுற்றின. கொடிகள், பாடல்கள், வாணவேடிக்கை. ஆறு வாரங்களுக்கு முன் தீயும் கல்லும் பறந்தது அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில்தான். அன்று எதிரெதிரே நின்றவர்கள் இன்று யாரென்று தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். துவ்ஷின்பாயருக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான உழைப்பு வீரர் பட்டம் வழங்கப்பட்டது.

அந்தத் தங்கத்துக்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 11-ல், அதே பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றிருந்தார். ஹாக்கியில் எட்டுத் தங்கம் பார்த்த இந்தியாவுக்குத் தனிநபர் தங்கம் அதுதான் முதல்முறை. நான் இருந்து எழுதும் சூரியநெல்லியில் அது கனமழைக் காலம். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்தவர்கள், லயத்து வீடுகளில் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பிந்த்ராவைப் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து மங்கோலியாவில் நடந்தது இங்கே யாருக்கும் தெரியாது. ஒரே வாரத்தில், ஒரே ஊரில், இரண்டு நாடுகள் ஒரே மாதிரியான முதல் சந்தோஷத்தைக் கண்டன என்பதை இப்போது நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

ஆனால் இரண்டும் சமமில்லை. மங்கோலியாவின் அன்றைய மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொடவில்லை. நம் இடுக்கி மாவட்டத்தைப்போல இரண்டரை மடங்குதான் இருக்கும். பரப்போ, தமிழ்நாட்டைப்போல 12 மடங்கு. 1999-க்கும் 2002-க்கும் இடையே தொடர்ந்து வந்த கொடுங்குளிர்களில் லட்சக்கணக்கான கால்நடைகள் செத்து, மேய்ச்சல்காரக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகத் தலைநகரின் ஓரங்களில் கூடாரம் போட்டிருந்தன. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு தங்கம் என்பது விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாக நின்றுவிடாது.

பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 24-ல் இரண்டாவது தங்கமும் வந்தது: குத்துச்சண்டையில் பதர் உகான். 2009-ல் ரோட்டர்டாமில் ட்சகான்பாதர் 66 கிலோ பிரிவில் மங்கோலியாவின் முதல் ஜூடோ உலகச் சாம்பியன் ஆனார். அடைத்துக் கிடந்த கதவு முழுசாகத் திறந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

*

அப்போதுதான் சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் அறிவிப்பு வந்தது.

ஜூடோ மல்யுத்தம்போல ஆகிவருகிறது. வீரர்கள் குனிந்தபடியே ஆடுகிறார்கள். நிமிர்ந்து நின்று சட்டையைப் பிடித்துத் தூக்கியெறியும் கலை மங்குகிறது. இவைதான் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒலிம்பிக்கில் மல்யுத்தம் தனியாக இருக்கும்போது, அதே போன்ற இன்னொரு விளையாட்டு எதற்கு என்ற அச்சமும் பின்னால் இருந்தது. இந்தக் காரணங்களில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டுகளின் ஆட்டங்களில் குனிந்த முதுகுகளை மட்டுமே பார்த்துச் சலித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கத்தி எந்தெந்த நாடுகளின் மேல் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மங்கோலியா, ஜார்ஜியா, மத்திய ஆசியா: நாட்டு மல்யுத்தத்திலிருந்து ஜூடோவுக்கு வந்தவர்கள் வாழும் இடங்கள்.

2010-ல் புது விதி நடைமுறைக்கு வந்தது. எடுத்த எடுப்பில் கையால் காலைப் பிடித்தால் எச்சரிக்கை கிடையாது, புள்ளிக் கழிவு கிடையாது. உடனடி வெளியேற்றம்.

பெய்ஜிங்கில் சுசுகியை விழுத்திய அந்தப் பிடி, இனி துவ்ஷின்பாயரையே வெளியே தள்ளும் குற்றம். லண்டன் ஒலிம்பிக்குக்கு இருந்தது இரண்டு ஆண்டுகள். வயது 26-ஐத் தொட்டிருந்தது. பிறந்த நாள் முதல் உடம்பில் ஊறிய பழக்கம் ஒன்றை மறந்து, சுசுகி போன்றவர்கள் சிறுவயது முதல் பழகிய நிமிர்ந்த ஆட்டத்தை அவர் புதிதாகக் கற்க வேண்டும். அல்லது, யாரும் எதிர்பாராத வேறொரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கைகளைக் கட்டிப்போட்ட பிறகும் ஒரு போஹ் மல்லரால் ஒலிம்பிக் இறுதிவரை போக முடியுமா?

(அடுத்த வாரம்: லண்டன், 2012)